குரலுக்கு இடம்விட்ட கிதார் மாஸ்டர்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, கொட்டச்சேட்டிலிருந்தும் கிளியூரிலிருந்தும் இந்தக் குளிரில் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கணவரை இழந்து கலங்கி அமர்ந்திருக்கும் சகோதரி மரியபுஷ்பம் அவர்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நான் அன்பழகன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நம் மலை இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். முன்னால் கிதாரோடு நிற்கும் ஒருவருடைய முதுகைப் பார்த்தே தாளம் போட்டுப் பழகியவன். இனி எதைப் பார்த்துத் தாளம் போடுவேன்?

இசையாசிரியர், கிதார் மாஸ்டர் கிறிஸ்துதாஸ் போய்விட்டார்! போன வியாழக்கிழமை டயாலிசிஸுக்காகச் சேலம் போகும் பஸ்ஸில், மனைவியின் தோளில் சாய்ந்தவர் கண் திறக்கவே இல்லை.

தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகளையும் சேர்வராயன் சாமி திருவிழாவில் பம்பை அடிக்கும் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துச் சுருதி சொல்லிக்கொடுத்தவர் யார்? மாஸ்டர் கிறிஸ்துதாஸ்! இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, "ஊசி வலது கையிலயே போடுங்க டாக்டர், இடது கையில நான் கம்பி அழுத்தணுமுங்க" என்று மன்றாடியவர் யார்? அதே மாஸ்டர்தான்!

அவருடைய கடைசி மாதங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவருடைய எலெக்ட்ரிக் கிதாரில் பிக்கப் கெட்டுப்போனது. பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் செம்புச் சுருளும். கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். மாஸ்டர் கிதாரில் இருந்தது ஹம்பக்கர். ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கும்படி இரட்டைச் சுருள் வைத்தது. மலை ஈரம் அதைத் தின்றுவிட்டது. பாட்டை விட இரைச்சலே பெரிதாகக் கேட்டது. கொட்டச்சேடு கோயில் திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மாற்றிப் பார்க்க இரண்டு ஹம்பக்கர் வரவழைத்தார். ஒன்று செராமிக் காந்தம் வைத்தது. தொட்டால் இடி! மற்றது அல்னிக்கோ காந்தம். அடக்கமானது, தெளிவானது. ஒன்றைக் கழற்றி மற்றதைப் பற்றவைப்பார், வாசிப்பார், மறுபடி கழற்றுவார். கால் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும், விடமாட்டார்.

எங்களுக்கெல்லாம் இடிதான் பிடித்தது. "இதையே வெச்சுக்கோங்க மாஸ்டர், நொம்ப கெத்தா இருக்குதுங்க" என்றேன்.

"பானு குரல் எங்க கேக்குது, அன்பு?" என்றார்.

பானுவை உங்களுக்குத் தெரியும். கிளியூர்ப் பெண், எங்கள் பாடகி. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் மெலிந்துவிட்டது.

"உங்க வால்யூமைக் கொறைச்சாப் போதுமுங்களே!" என்றேன்.

"கொறைச்சுப் பாத்துட்டனுங்க. சத்தம்தான் கொறையுது. அவ குரல் இருக்கற எடத்துலயே இதுவும் வந்து அடைச்சு உக்காந்துக்குது. இந்த அல்னிக்கோ தள்ளி நிக்குது. பாவம், அவ மூச்சு விடட்டும்."

அல்னிக்கோவையே வைத்தார். திருவிழாவில் கூட்டம் என்ன சொன்னது? "கிதாரே கேக்கல!" என்று கத்தியது. "மாஸ்டருக்குக் கை போச்சு" என்று என் காதுபடப் பேசினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த அவர் காதிலும் அது விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "பானு கேக்குதா?" என்றார். கேட்டது ஐயா! கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது! அவர் வாசித்த கடைசி மேடை அது.

இன்று எங்களுக்கு என்ன மிச்சம்? கிதார் இருக்கிறது, தொட ஆள் இல்லை. இந்த மலையில் கேட்டோம், சேலத்தில் கேட்டோம், வர ஒருவரும் இல்லை. அடக்கத்தன்று பானு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இனி நான் பாட மாட்டனுங்க. என்னாலதான அவருக்கு அந்தக் கெட்ட பேரு?" என்று அழுதாள். குழுவைக் கலைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு வழி தெரியவில்லை. மெய்யாகவே தெரியவில்லை! ஆண்டவரே, இன்னும் ஒரு வருடம் அவரை விட்டுவைத்திருக்கக் கூடாதா?

பானு, அந்த ஓரத்தில் முகத்தை மூடி உட்கார்ந்திருக்கிற உன்னைக் கேட்கிறேன் கண்ணு. அவருக்கு வந்தது கெட்ட பெயர் என்றால், அதை அவரே விரும்பி வாங்கினார். உன்மேல் பழி இல்லை. நீயும் வாயை மூடிக்கொண்டால், அவர் பட்ட பாட்டை எதற்காகப் பட்டார் என்று மரியபுஷ்பம் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இந்தச் சபை சாட்சியாக உறுதி சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒத்திகை உண்டு. கிதார் இல்லாமல்தான். ஓட்டை ஓட்டையாக இருக்கும், கேட்கச் சகிக்காது. ஆனாலும் நான் தாளத்தைத் தொடங்குவேன். நீ வருகிற வரைக்கும் நிறுத்த மாட்டேன்.