மணல் பல்லியின் முட்டை

டெல்லி ஜனவரியில் துவைத்த துணி லேசில் காயாது. எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது ஹீட்டரைப் போட்டால் ப்யூஸ் போய்விடும். எனக்கு வேறு வழியில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பல்லியை ஆராய்ச்சிக்காக ஜெய்சல்மர் பக்கத்திலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். மணல் நிறம். தோல் காகிதம் மாதிரி. கண்ணுக்கு இமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். எங்களுக்குக் குழந்தையில்லை. முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் அது முட்டையிட்டதை முதலில் பார்த்தவள் என் மனைவி அனந்தலக்ஷ்மிதான். முட்டை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பெட்டியை அசைத்தால் உள்ளே இருக்கும் உயிர் தங்காது.

பொங்கல் கழிந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, அறையைச் சூடாக வைத்திருக்கச் சொன்னார். சரி என்றேன்.

"ஏன்னா, ஹீட்டரை இங்க கொண்டு வாங்கோளேன்," என்றாள்.

"முட்டை பொரியற சமயம். இன்னொரு ரஜாய் போத்தி விடறேன்."

"அப்போ நான் அங்க வந்து ஓரமாப் படுத்துக்கறேனே."

அவள் இருமினால் கட்டிலே ஆடும். மிரண்ட பல்லி தன் முட்டையையே தின்றுவிடக்கூடும். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் நான் பால் வாங்கி வருவதற்குள், எப்படித்தான் எழுந்தாளோ, ஹீட்டரைத் தன் அறைக்கு இழுத்துப் போயிருந்தாள். பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. நான் கோபப்படவில்லை. ஹீட்டரைத் திரும்ப எடுத்து வந்தேன். அவள் அறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மீனாக்ஷி கஞ்சி கொண்டுவந்தாள்.

"மாமி எப்படி இருக்கா?"

"தூங்கறா."

உள்ளேயிருந்து கதவை மெல்லத் தட்டும் சத்தம் வந்தது. மீனாக்ஷி என்னைப் பார்த்தாள்.

"தூக்கத்துல கை படறது," என்றேன். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் முட்டை பொரிந்தது. குஞ்சு என் விரல்நுனியில் ஏறி நின்றது. அவளுக்குக் காட்டலாமென்று தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினேன், முழுக்கத் திறக்கவில்லை. கதவை ஒட்டித் தரையில் கிடந்தாள். உடம்பு விறைத்திருந்தது.

தாழ்ப்பாள் போட்டது நான்தான். அதை நான் மறுக்கவேயில்லை. அவ்வளவு காய்ச்சலில் எழுந்து எழுந்து நடமாடினால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும், சொல்லுங்கள்.