பாய்க்கடியில் இருக்க வேண்டியவர்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, ஊர்ச்சபையின் தலைவர்களே, சபைக்கு வராமலே சபையை நடத்தும் தாய்மார்களே, விசிறியும் கையுமாய் வேர்த்து வீற்றிருக்கும் விருந்தினர்களே, முதல் வரிசையில் இடம் கொடுத்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் ஃபுவாதினோ அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

மரியாதைக்குத் தாழ்த்திய தலையல்ல இது. வெட்கத்தில் தானே தாழ்ந்த தலை. அதனால்தான் சபைப் பேச்சாளனுக்குரிய கைத்தடியையும் ஈயோட்டியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். என்ன, உரக்கப் பேசச் சொல்கிறீர்களா? கூசுகிறவன் குரல் உரக்க வராது ஐயா.

நம் நடிகை வைமோவானா எழுதிய நாவலுக்கு விழா எடுக்கிறோம். யார் எடுக்கிறோம்? அதைப் படிக்காமலே திட்டிய நாம் எடுக்கிறோம்.

அவள் முதன்முதலில் நடித்த மேடை எது? ஆக்லாந்தா? அல்ல. இதே ஆலயம், பிள்ளைகள் மேடையேறி வசனம் சொல்லும் வெள்ளை ஞாயிறு. வெள்ளை உடுப்பில் நின்று நோவாவின் கதை சொன்னாள் அந்தச் சிறுமி. மழை வருகிறது என்று அவள் கையேந்தியபோது, ஓலைத்தட்டியை இறக்க ஓடினார் ஒருவர். சிரிக்காதீர்கள், அவர் மேடையில்தான் இருக்கிறார். பிறகு கடல் கடந்து ஆக்லாந்து போனாள். தொலைக்காட்சித் தொடரில் நர்சாக வந்தாள். அவள் அழுதால் சமோவா முழுக்கச் சமையல் தீய்ந்தது. தொடரில் அவள் செத்த வாரம் நம் பாடகர் குழுவின் பயிற்சியே நின்றது. நம் பெண், நம் பெண் என்று மார்தட்டினோம்.

மார்தட்டிய கைகள் புத்தகம் வந்ததும் என்ன செய்தன?

அந்த வெள்ளை ஞாயிற்றில் அவளுக்கு அடுத்து நின்றவள் லோசா, ஃபுவாதினோ அம்மாவின் மகள். தகப்பன் யாரென்று சொல்லப்படாத பிள்ளை என்று அவளை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்தோம். மனப்பாடம் செய்த வசனத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள் குழந்தை. பிறர் எழுதிய கண்ணீரைச் சிந்திச் சலித்த வைமோவானா, தான் கண்ட அந்தக் கண்ணீரை எழுதினாள். அதுதான் நாவல்.

ஊர்ச்சபை கூடியது. "அடுத்த வீட்டுக் கதைய ஊரெல்லாம் வித்துட்டா. ஃபுவாதினோ மானம் போச்சு" என்றோம். கொலைக்குச் செய்கிற பரிகாரத்தை எழுத்துக்கு விதித்தோம்: ஃபுவாதினோ வீட்டு வாசலில் தலைமேல் பாய் போர்த்தி உட்கார வேண்டும். வீட்டார் பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவளுக்கு இந்த ஊரே இல்லை.

விமானம் ஏறி வந்தாள். உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. ஈரப்பலா மர நிழலில் நின்று வேடிக்கை பார்த்தோம். "உள்ள நடிச்சுக்கிட்டு இருக்காளோ என்னவோ" என்றது ஒரு குரல். அதற்கும் சிரித்தோம்.

வீட்டு வாசலின் ஓலைத்தட்டி உயர்ந்தது. ஃபுவாதினோ அம்மா வந்து பாயைத் தூக்கினார்.

"எந்திரி கண்ணு. வெயில்ல எதுக்கு உக்காந்திருக்க?"

"உங்களக் கேக்காம எழுதிட்டேன் சித்தி."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். லோசா படிச்சிட்டு அழுதா. அப்புறம், 'நான் அங்க நின்னத ஒருத்தியாவது பாத்திருக்காம்மா'ன்னா. உள்ள வா, கோகோ ஆறுது."

பிறகு அந்தப் பாயை மடித்து, மரநிழலுக்கு நடந்து வந்து, நம் காலடியில் வைத்தார்.

"இது உங்களோடது."

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் நாமும் கத்தியிருப்போம். அன்றுமுதல் அந்தப் பாயை யார் வீட்டில் வைப்பது என்று சபை வாதாடுகிறது. இன்று நான் தூக்கி வந்துவிட்டேன். இதோ இருக்கிறது.

முடிக்கச் சொல்லிச் சைகை வருகிறது. முடிக்கிறேன்.

நாவலாசிரியரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. லோசா, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயே, மனம் இல்லையென்றால் அப்படியே இரு. அது உன் உரிமை. மனம் இருந்தால் எழுந்து வா. அன்று நாங்கள் கேட்க மறுத்த வசனத்தை இந்த மேடையில் நின்று சொல். அதுவரை ஊர்ச்சபை இந்தப் பாயின் கீழே காத்திருக்கும். தலைவர்களே, நாற்காலியை விட்டு இறங்கி வாருங்கள். பாய் பெரியது, எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

பொறுத்திருந்து கேட்டவர்களுக்கு நன்றி. முகம் காட்டி விடைபெறக் கூசுகிறது. பாய்க்கடியிலிருந்தே சொல்லிக்கொள்கிறேன், வணக்கம்.