கொசுத் தோட்டா

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது, சாமிநாதன் சார். சிகரெட் அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் ஆட்டம் நின்றுவிடும். நான் சொல்வதை நீங்கள் இன்ஸ்பெக்டர் துரைக்கு இங்கிலீஷில் மாற்றி எழுத வேண்டும். மேசை ஆடினால் எழுத்தும் ஆடும். நான் நிதானமாகவே சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்துங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் விளக்குவேன்.

கருப்பாயியைக் காளிமுத்து சுடவில்லை. கட்டின பெண்டாட்டியைக் கொன்றவன் என்று அவனை லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். பெரிய கோர்ட்டுக்குப் போனால் தூக்குதான் என்று மெர்லிமாவ் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவன் நிரபராதி. சுட்டவன் பால்ராஜ் ஆகிய நான். ஆனால் முதலில் தோட்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது விளங்காமல் மற்றது விளங்காது.

மலாக்கா டவுன் தெங்கேராவில் எனக்கு ஒரு ரிப்பேர்க் கடை இருக்கிறது. தையல் மிஷின், சுவர்க் கடிகாரம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி எல்லாம் பார்ப்பேன். காளிமுத்து வாட்ச்மேனாக இருக்கும் எஸ்டேட்டின் மேனேஜர் துரை ஒருநாள் தம்முடைய ரைஃபிளைக் கொண்டுவந்தார். கிளப் போட்டியில் அட்டைக்குறியும் அடிக்க வேண்டும், தோட்டத்தில் அணில், குரங்கும் அடிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே தோட்டா வேண்டும் என்றார். அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. சின்னத் தோட்டா கொஞ்ச தூரம் போனதும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். பட்டாளத் தோட்டா குரங்கைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் அடிக்கும்.

நான் இரண்டையும் சேர்த்தேன். ஒரு சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, வயிற்றை அப்படியே விட்டு, கழுத்தை மட்டும் பென்சில் கனத்துக்குச் சுருக்கினேன். ஒரேயடியாக நெரித்தால் பித்தளை மடிந்துபோகும். சூடுகாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நெரிக்க வேண்டும். இப்போது வயிறு நிறைய வெடிமருந்து இருக்கிறது, அது தள்ள வேண்டியதோ துளியூண்டு குண்டு. அது பறக்கிற வேகத்தில் கீழே விழ நேரமே இருக்காது.

இதில் ஒரு அழகு உண்டு. முதல் தடவை வெடிக்கும்போது கூடு உப்பி, அந்த ரைஃபிளுக்குள் தோட்டா உட்காரும் அறை எந்த வடிவமோ அதே வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உலகத்தில் வேறு எந்தத் துப்பாக்கிக்குள்ளும் அது உட்காராது. தாலி கட்டின மாதிரிதான்.

குண்டுக்கு மெல்லிய தோல் போட்டேன். உடம்புக்குள் போனதும், சிமெண்டுத் தரையில் விழுந்த கண்ணாடி டம்ளர் மாதிரி சிதறிவிடும். வெளியே வந்து வேறு ஆளைத் தொடாது. அதையும் கருணை என்றுதான் சொல்ல வேண்டும்.

அணிலில் பார்த்தேன். வால் மட்டும் கிடைத்தது. பழந்தின்னி வௌவாலில் பார்த்தேன். பிறகு ஒரு தாய்க் குரங்கு. அதற்கு நெஞ்சு என்று ஒன்று மிச்சம் இருக்கவில்லை. வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்த குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அன்றைக்குத்தான் பங்களாக் கொட்டகையில் காளிமுத்துவிடம் தோட்டாவைக் காட்டினேன். எஸ்டேட்டின் இரட்டைக்குழல் துப்பாக்கி அவன் தோளில் தொங்கியது. கருப்பாயி அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"என்னாண்ணே இது, பென்சில் முனை மாதிரி?" என்றான். "பன்னி மேல பட்டா, நல்லா சொறிஞ்சு விட்டேன்னு தேங்ஸ் சொல்லிட்டுப் போகும்லா."

"பன்னி எதுக்கு?" என்றாள் கருப்பாயி. "நம்ம லயத்துல கொசுக்கடி தாங்கல. அண்ணனக் கூட்டிட்டு வா, ஒவ்வொண்ணா சுட்டுக் குடுக்கட்டும்."

"செத்த கொசுவ யாருடி தூக்கிப் பொதைக்கிறது?"

என்ன சிரிப்பு என்று துரை கேட்டார். காளிமுத்து மலாயில் சொன்னான். துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். மலாயில் கொசுவுக்கு ஞாமுக் என்பார்களே, அன்றிலிருந்து தோட்டாவுக்கு அதுவே பெயராகிவிட்டது. கிளப்பில் ஜெயித்தபோது பலகையில்கூட 'ஞாமுக்' என்றே எழுதினார்கள். நான் வேறு பெயர் வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. குரங்குக்குச் சரி, அதைவிடக் கனமான உடம்பை இது என்ன செய்யும்? பன்றியைச் சுடாதே, காயத்தோடு ஓடிவிடும் என்று துரை தடுத்திருந்தார். தராசு செய்தவனுக்கு அது எவ்வளவு வரைக்கும் தாங்கும் என்று தெரிய வேண்டாமா?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துரை மலாக்காவுக்குப் போயிருந்தார். ரைஃபிளின் மேல் புதிதாகப் பொருத்திய தூரக்கண்ணாடியைச் சரிபார்க்கத் துப்பாக்கி அறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. கீழே பழைய மரங்களை வெட்டித் தள்ளிய வெட்டவெளி. அங்கே கருப்பாயி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பன்றி என்று நினைத்துச் சுட்டதாக நேற்று பாதிரியாரிடம் சொன்னேன். அது பொய். அந்தக் கண்ணாடி நல்ல கண்ணாடி. மஞ்சள் சேலை தெரிந்தது. கொண்டையில் செருகிய சீப்பு தெரிந்தது. விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். காற்று இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. அவள் அசையாமல் நின்றாள். பன்றி அப்படி நிற்காது, சார். அப்படி ஒரு நேரம் லேசில் வாய்க்காது.

அவளுக்குச் சத்தம் கேட்டிருக்காது. குண்டு சத்தத்தைவிட வேகமானது. வெடிச்சத்தம் அந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். அவளுக்கு நான் வலி வைக்கவில்லை.

இறங்கிப்போய்ப் பார்த்தேன். பார்க்காவிட்டால் சுட்டதற்கே அர்த்தமில்லை. முன்பக்கம் என் கை முழுசாக உள்ளே போகும். முதுகில் ஊசிமுனைத் துளைகூட இல்லை. கணக்குப் போட்டபடியே வந்திருந்தது. கூட்டைப் பொறுக்கிக்கொண்டேன், ரைஃபிளைத் துடைத்து மாட்டினேன், பஸ் ஏறி, சாயங்கால ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காளிமுத்துவின் கெட்ட நேரம், அன்று காலையில்தான் இரண்டு பேருக்கும் சண்டை. "ஒன்னயச் சுட்டுப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று அவன் கத்தியதை லயமே கேட்டிருக்கிறது. அன்றைக்கே அதே வெட்டவெளியில் ஒரு பன்றியையும் அவன் சுட்டிருந்தான். பிணத்தில் கிடைத்த ஈயத்தூளை அவனுடைய இரட்டைக்குழலின் ரவை என்று எடுத்துக்கொண்டார்கள். என்னை யாரும் தேடவில்லை. தேடியிருக்கவும் மாட்டார்கள்.

விசாரணையன்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எழுந்து, சாதாரண வேட்டைத் துப்பாக்கி, பத்து கெஜத்துக்குள் நின்று சுட்டது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பத்து கெஜம், பத்து கெஜம் என்று அதுவே காதில் கேட்டது. மனசாட்சி என்பது இதுதான் என்று புரிந்தது. குற்றமில்லாத ஒருவன் தூக்கில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் வந்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

இதோ அந்தக் கூடு. மேனேஜர் துரையின் ரைஃபிளில் போட்டுப் பாருங்கள், கதவு சாத்துகிற மாதிரி உட்காரும். வேறு எதிலும் நுழையாது. மேட்டிலிருந்து அவள் விழுந்த இடத்து மரக்கட்டை வரைக்கும் கயிறு பிடித்து அளக்கச் சொல்லுங்கள். முந்நூற்று இருபது கெஜம் வரும். நான் பிறகு போய் அளந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் துரைக்கு நம்பிக்கை வராவிட்டால் ஒரு செத்த பன்றியைக் கட்டித் தொங்கவிடட்டும். தோட்டாவை நானே நிரப்பித் தருகிறேன். வேறு யாரும் தொட வேண்டாம், கெடுத்துவிடுவார்கள்.

பத்து கெஜம் என்பதை அடித்துவிட்டீர்களா? நன்றி.

காளிமுத்துவை எப்போது வெளியே விடுவீர்கள்? நான் அப்போது எதிரில் நிற்க முடியாது, தெரியும். நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள், சார். அவனுடைய இரட்டைக்குழலுக்கு அந்தத் தூரத்தில் பாதிகூட எட்டாது என்று சொல்லுங்கள். அவளைக் கொன்றது ஞாமுக் என்று சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.