முன்னால் யாரும் இல்லை

வேகன் வண்டிகள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. பிற்பாடு யாரும் அப்படி எழுதிவிடக் கூடாது. காரின் பின்பக்கத்தை இழுத்து நீட்டி, பெட்டி படுக்கைக்கு இடம் பண்ணினால் அது வேகன். தாழ்வாக ஓடும், வளைவில் சாயாது, எண்ணெயும் கம்மியாகத்தான் குடிக்கும். குடும்பத்துக்கு ஏற்ற வண்டி. என் மச்சான் அதைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகப் பேசியிருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

நான் கண்ணாடிக் கடைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் காவல் நிலையத்தில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது என் கண்ணாடிதான். நீங்கள் போட்டிருப்பது வேறு கடையில் வாங்கியது. அதன் இடது காது வளைவு தளர்ந்திருக்கிறது. அதனால்தான் குனிந்து எழுதும்போதெல்லாம் அதைத் தூக்கிவிட்டுக்கொள்கிறீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் கார் கழுவும் இடத்தில் கூடுவோம். வண்டியை வாஷ்காரரிடம் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் வராத வண்டிகளைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவோம். அடுத்த வருஷம் வரப்போகும் ஏழு பேர் உட்காரும் வண்டி, அதற்கடுத்து வரும் எஸ்.யூ.வி., அதன் கதவு எப்படித் திறக்கும், மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பார்கள். பிறக்காத பிள்ளைக்கு வரன் பார்ப்பது மாதிரிதான். ஆனால் வாரம் முழுவதும் நான் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன்.

எங்களில் மூத்தவரை மைலேஜ் என்போம். எந்த வண்டியைக் காட்டினாலும் "எவ்ளோ குடுக்கும்?" என்பதைத் தவிர வேறு கேள்வி அவருக்குத் தெரியாது. என் மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, டிக்கி என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வண்டியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, அங்கிருந்தே தீர்ப்புச் சொல்வார். அவரிடம் ஒரு வேகன் இருந்தது. அதை அவர் புகழ்ந்த அளவுக்குத் தன் மனைவியைப் புகழ்ந்திருந்தால் அந்த அம்மாள் இன்னும் குண்டாகியிருப்பார்.

எனக்குப் பிடித்தது உயரம். பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிற தொழில். எனக்கென்று ஒரு வண்டி வாங்கினால் அதில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும், எல்லோர் தலைக்கும் மேலே பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த எஸ்.யூ.வி. வருகிறது என்று செய்தி வந்த அன்றே முன்பதிவு செய்துவிட்டேன். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் காத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

வண்டி வந்தது. மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாப்ளே, இது வண்டியா, மாடி வீடா? ஏறதுக்கு ஏணி தனியா வாங்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் ஒன்றும் தொட்டாற்சிணுங்கி இல்லை, ஐயா.

பிரச்சினை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வாஷ்காரருக்குப் புது யந்திரம் வந்திருந்தது, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். என் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மச்சான் என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார். எஞ்சின் அணைந்திருந்தது.

"மாப்ளே, முன்னால நல்லா பாரு. யாராவது இருக்காங்களா?"

நான் பார்த்தேன். சுவர் தெரிந்தது, குழாய் தெரிந்தது, சுற்றி நின்றவர்கள் தெரிந்தார்கள்.

"யாரும் இல்ல மச்சான்."

"நல்லா பாத்துச் சொல்லு. கண்ணாடிக்காரன் நீ."

"அட, யாருமே இல்லங்கறேன்."

அவர் கையைத் தட்டினார். வண்டியின் முகப்புக்குக் கீழேயிருந்து என் மகள் எழுந்து நின்றாள். அவளுக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு. "அப்பா தோத்துட்டாரு!" என்று குதித்தாள். மைலேஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்கிற வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை அது.

"இப்ப வண்டிய எடுத்திருந்தா?" என்றார் மச்சான், அவளைப் பார்த்து. என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று மாலையே என் மனைவி, "அந்த வண்டில இனிமே அவள ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து காலையில் வாசலில் வேகன் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பை டிக்கியில் ஏறும், மகள் பின்னிருக்கையில் ஏறுவாள், சில நாள் மனைவியும் ஏறிக்கொள்வாள். நான் ஏழு பேர் உட்காரும் வண்டியில் தனியாகக் கடைக்குப் போவேன். கிளம்பும்போது மச்சான் கையாட்டி, "மாப்ளே, முன்னால பாத்து!" என்பார்.

அது ஊர் முழுக்கப் பரவியது. வாஷ்காரர் சொன்னார், மைலேஜ் சொன்னார். ஒரு நாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், கண் சோதனைப் பலகையை நான் காட்டும்போது, "முதல்ல உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். நான் பொறுமையாக அவருக்குப் பார்வை அளந்து அனுப்பினேன். என் தொழிலையும் என் வண்டியையும் ஒரே வாக்கியத்தில் அடித்துவிட்டார் என் மச்சான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். தங்கை மீதும் மருமகள் மீதும் உயிரையே வைத்திருந்தார். அதுதான் என்னை இன்னும் எரித்தது. கெட்டவராக இருந்திருந்தால் பேசாமல் உறவை முறித்துக்கொண்டிருப்பேன்.

நான் பயிற்சி எடுத்தேன். வீட்டு வாசலில் வாளியை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இருக்கையை முழுக்க மேலே ஏற்றினேன். அதன் மேல் மெத்தை ஒன்றைப் போட்டேன். முன்பக்கக் கேமரா விலை கூடிய ரகத்தில்தான் வரும், நான் எடுத்தது நடுத்தர ரகம். கண் இருப்பவனுக்குக் கேமரா எதற்கு? கொஞ்சம் கொஞ்சமாக வாளியின் விளிம்பு தெரிய ஆரம்பித்தது. பிறகு வாளியே தெரிந்தது. இந்த வண்டியில் எல்லாமே தெரியும், ஐயா. பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு மச்சானைக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவ பாத்துரலாம் மச்சான்" என்றேன். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாத மனிதர். ஒரு வேலை நாள் மத்தியானம், வாஷ்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம். நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். வண்டியைக் கழுவும் கொட்டகைக்குள், சுவரைப் பார்த்தாற்போல் நிறுத்தினேன். அவர் சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நான் எஞ்சினை ஓடவிட்டேன். ஏ.சி.க்காக என்று அவர் நினைத்திருப்பார்.

முதலில் வாளியை வைத்தார். "தெரியுது" என்றேன், விளிம்பையும் கைப்பிடியையும் சொன்னேன். "பரவால்லயே மாப்ளே!" என்றார். அந்தப் பாராட்டு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அத்தோடு அவர் விட்டிருக்கலாம். "சரி, பாப்பா உயரத்துக்கு நான் உக்கார்றேன், இப்ப சொல்லு" என்று வண்டியின் மூக்கடியில் உட்கார்ந்தார்.

"தெரியுதா மாப்ளே?"

"தெரியல மச்சான். கொஞ்சம் பின்னால போங்க."

அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்தார். "இப்ப?"

"இல்ல. இன்னும் கொஞ்சம்."

"அடேய், சுவரே வந்துருச்சு. இப்ப?"

"தெரியல."

அது பொய். அந்த வண்டியைக் குறைத்து நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது. எனக்கு அவர் முழுதாகத் தெரிந்தார். சுவரில் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்து மற்றதை மிதித்தேன்.

முதலில் வாளி நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு வாளி இல்லாத ஒன்று நொறுங்கும் சத்தம். வண்டி சுவரில் இடிக்கவில்லை. சுவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே, மெத்தென்று எதிலோ முட்டி நின்றுவிட்டது. "மாப்ளே" என்று ஒரு குரல் வந்தது. கத்தல்கூட இல்லை, கூப்பிடுவது போலத்தான் இருந்தது. நான் ரிவர்ஸில் போட்டேன். பின்கேமராவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பின்னால் எடுத்தேன். வாஷ்காரர் திரும்பி வந்திருந்தால் அவருக்கு அடிபட்டுவிடக் கூடாது. பிறகு மறுபடி முன்னால் போனேன். இந்த முறை காலை எடுக்காமல் தரையோடு அழுத்திப் பிடித்தேன். சக்கரம் ஈரத்தில் வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. எலும்பு உடையும் சத்தம் கொட்டகைத் தகரத்தில் பட்டு எதிரொலித்தது. குழாய் முறிந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது, கண்ணாடியில் விழுந்த தண்ணீர் முதலில் சிவப்பாகவும் பிறகு தெளிவாகவும் இருந்தது. வைப்பரைப் போட்டேன். குரல் நின்றபின் எஞ்சினை அணைத்து, இறங்கி, கத்தினேன். கத்த வேண்டும் என்று தெரிந்ததால் கத்தினேன்.

நீங்கள் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டீர்கள். முன்னால் இருந்தவர் தெரியவில்லை, பதற்றத்தில் மறுபடி மிதித்துவிட்டார், வண்டியின் அமைப்பில் குறை என்று நீங்களே எழுதினீர்கள். நான் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு உங்க மேல இல்லங்க. அண்ணன் அன்னிக்கே சொன்னாருல்ல, அந்த வண்டிதான் எமன்னு" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்திருக்கலாம்.

ஆனால் மைலேஜ் வண்டிப் பிரியர்களின் குழுவில் நீளமாக ஒன்று எழுதினார். ஆளை விழுங்கும் குருட்டு வண்டி என்று. அதைப் படித்துவிட்டு முன்பதிவை ரத்து செய்தவர்கள் உண்டு. என் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். மச்சானின் மனைவி, "அவரு ஞாபகமா இருக்கட்டும்" என்று வேகனை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். காலையில் நான்தான் அதை ஓட்டுகிறேன். அவருடைய இருக்கையில், தரையோடு தரையாக உட்கார்ந்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். நேற்று என் மகள் பின்னாலிருந்து, "இதுல எல்லாமே தெரியுதுல்லப்பா?" என்று கேட்டாள்.

அதனால்தான் வந்தேன். செய்தது கொலை, தெரிந்தே செய்தது. தூக்கில் போட்டாலும் போடுங்கள். வண்டியின் மேல் பழி போடுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு பாவமும் அறியாத வண்டி அது.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. "பிரேதப் பரிசோதனைல அடி முழுக்க முதுகுலதாங்க. அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக் குழாய மூடிட்டு இருந்திருக்காரு. உங்களப் பாக்கவே இல்ல. அன்னிக்கு விசாரணையிலயே, உங்க வண்டில நீங்க போட்ட மெத்தைய அப்படியே வச்சு, முன்னால எங்க கான்ஸ்டபிள உக்கார வச்சுப் பாத்தோம். தொப்பிகூடத் தெரியல. குரல் வந்த பக்கமா ஓட்டியிருக்கீங்க."

மருத்துவர்கள் முதுகையும் நெஞ்சையும் மாற்றி எழுதுவது உண்டு. அந்த உடம்பு இருந்த நிலையில் அது எளிது. பார்வை விஷயத்தில் நான் தவறமாட்டேன், ஐயா. அவர் சிரித்தது எனக்குத் தெரிந்தது. உங்கள் ஆட்கள் இருக்கையைச் சரியாக மேலே ஏற்றியிருக்க மாட்டார்கள். அதற்குப் பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கிறது, பலமுறை இழுக்க வேண்டும். இதே வண்டியில் இன்னொன்றை வரவழையுங்கள். அந்தக் கான்ஸ்டபிளையே மறுபடி முன்னால் உட்கார வையுங்கள். நானே ஏறி ஓட்டிக் காட்டுகிறேன்.