நல்லூருக்குப் பெண் கேட்கப் போன வலைப்பந்து கிளப்பு

எழுபதுகளில் ஒரு காலை, விருத்தாசலத்திலிருந்து நல்லூர் போகிற பஸ். முன் சீட்டில் பூவும் பழத்தட்டுமாக இரண்டு அம்மாக்கள். பீங்கான் பொம்மைப் பட்டறைப் பெண்களுக்கு வலைப்பந்து கிளப்பு நடத்துகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

“நம்ம கிளப்பு பந்து போட்டா ஜெயிச்சுது? தாலி கட்டியில்ல ஜெயிச்சுது!” என்றாள் இளையவள். “மங்கலம்பேட்டையில ரெண்டு ஆட்டக்காரி, கருவேப்பிலங்குறிச்சியில ஒருத்தி. மருமவளாக் கூட்டியாந்தோம், கப்பும் பின்னாலயே வந்துது. இப்ப நல்லூரு டீமு பொண்ணு. உம் மவனுக்குப் புடிச்சிருக்குதாக்கா?”

“அவன் கெடக்குறான். அந்தப் பொண்ணு பத்து பந்து போட்டா ஒம்போது வளையத்துல வுழுவுது, எனக்குப் புடிச்சிருக்குது.”

“அப்புறம் ஏன் மூஞ்சி தொங்கிக் கெடக்குது?”

“பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்போம்னு சொல்றாங்கடி. அவங்க மவனுக்கு எம் மவளைக் கேக்குறாங்க.”

“ஐயையோ! வந்த மருமவளுங்க மூணு பேரும் மாசமா இருக்குறாளுங்க. நமக்கு வளையத்துல போட மிச்சம் உம் மவ ஒருத்திதானே!”

“பின்ன, தெரியாமயா கேக்குறாங்க?”

“முடியாதுன்னு சொல்லிடுக்கா.”

அக்கா பழத்தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“எப்படிடி சொல்றது? எம் மவ நேத்தே அவங்க டீமு சட்டைக்கு அளவு குடுத்தனுப்பிட்டா.”