பத்து எண்ணும் வரை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே, மேடையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் பெற்றோர்களே,

இதை இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னியுங்கள். விடிந்து இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நா எழாது. தலைமையாசிரியை அவர்களே, நீங்கள் எனக்காக வாசித்துவிடுங்கள்.

நம் நிதானம் டீச்சர் இல்லையாம். எப்படி நம்புவது? வியாழக்கிழமை நான்கு மணிக்கு, மாடிப்படியின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன அறையில், என் மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாரே! மறுநாளுக்கான கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தானே போனார்! மறுநாள் காலை மணியடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. நெஞ்சுவலியாம். இப்படியும் நடக்குமா?

பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஒரு கேள்வி கேட்பார். பிறகு மேசைமேல் ஒவ்வொரு விரலாக வைத்துப் பத்து எண்ணுவார். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டது உள்ளே போக வேண்டும், அங்கே ஏற்கெனவே இருப்பதோடு சேர வேண்டும், பிறகுதான் வார்த்தையாகி வெளியே வரும்; அதற்குள் மக்கு என்று சொல்ல நாம் யார் என்பார்.

என் மகளை அப்படிச் சொன்னவள் நான்தான். முதல் நாள், ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று டீச்சர் கேட்டார். ஏழாவது விரலில் நானே பதில் சொல்லிவிட்டேன்.

"பரீட்சை உங்களுக்கா, அவளுக்கா?" என்று சிரித்தார். "நீங்க முந்திக்கிட்டா அவ கேள்வியையே உள்ள வாங்க மாட்டாம்மா. எப்படியும் அம்மா சொல்லிடுவாங்கன்னு இருந்துடுவா."

என்னை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மறுவாரம் கதவு வழியே எட்டிப் பார்த்து ஒன்பது விரலைக் காட்டினார். என் மகள் பதில் சொல்லியிருந்தாள்! ஒன்பதாவது விரலில், சரியான பதில்!

நேற்று அவளிடம் செய்தியைச் சொன்னேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஏதாவது சொல்லித் தேற்ற நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு எண்ணினேன். பத்து தாண்டியது. இருபதும் தாண்டியது. பிறகு கேட்டாள்: "அப்ப நான் யோசிக்கிற வரைக்கும் யாரும்மா கூட இருப்பா?"

அதை உங்களிடமே கேட்கிறேன். அந்த அறையை நம்பிப் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள். மழை நின்ற பிறகும் மரத்தடியில் ஏன் சொட்டுகிறது என்ற கேள்வி இன்னும் பலகையில் இருக்கிறது. யாரும் அழித்துவிடாதீர்கள். திங்களும் புதனும் நான்கு மணிக்கு நான் வந்து உட்காருகிறேன். முந்திக்கொள்ள மாட்டேன், இது டீச்சருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மற்ற மூன்று நாட்களுக்கு யார் வருவீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.