ரிப்பனுக்குக் கீழே குனிந்தவள்

— அலெக்சாண்டிரியா மாநகரத்து நூலகம் தீக்கிரையான அந்தக் கொடிய நாளுக்குப் பிறகு, மனித குலத்தின் ஒட்டுமொத்த அறிவும் ஒரே கூரையின் கீழ் மீண்டும் ஒன்றுகூடியிருப்பது நமது பள்ளியில்தான் என்பதை, மாண்புமிகு அமைச்சர் அவர்களின் முன்னிலையில் தலைமையாசிரியர் லூர்துராஜ் ஆகிய நான் பறைசாற்றுகிறேன்... எப்படி இருக்கு ஷீபா மேடம்?

— கூரை ஒழுகுதுங்க சார்.

— நான் வரவேற்புரையைக் கேட்டேன்.

— உரைக்கு என்ன குறை. நேத்து மழையில ஜன்னலோர கம்ப்யூட்டர் மேல சொட்டிச்சு. பிளாஸ்டிக் உறை கழட்டாம இருந்ததால பொழச்சுது.

— பாத்தீங்களா? உறையைக் கழட்டாதீங்கன்னு ஆறு மாசமா நான் ஏன் தொண்டை கிழிய கத்துறேன்? தொலைநோக்கு! ஒரு நிறுவனத் தலைவனுக்கு அது வேணும்.

— ஆமாங்க சார். அமைச்சர் தேதி கொடுத்துட்டாருங்களா?

— கொடுத்த மாதிரிதான். பி.ஏ. கிட்ட வாரா வாரம் பேசுறேன். மனுசனுக்கு ஞாபக மறதி போல. ஒவ்வொரு தடவையும் 'எந்த நூலகம்?'னு முதல்லேருந்து கேக்குறான்.

— அதைத்தான் நானும் யோசிச்சேன். சார், பிளஸ் டூ பூமிகா வெளிய நிக்குது. வரச் சொன்னீங்களாமே.

— வரட்டும். நீங்களும் இருங்க. நூலகர் நீங்க, உங்க கண்ணுக்கு முன்னாடி நடந்த களவாணித்தனம் இது.

— வணக்கம் சார். வணக்கம் மிஸ்.

— வணக்கமெல்லாம் இருக்கட்டும். இது என்ன?

— என் ஆராய்ச்சிக் கட்டுரை சார். மாவட்ட அறிவியல் மாநாட்டுக்கு. அனுப்புற கெடு இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. உங்க போனுக்கு ஓடிபி வரும், நீங்க சொன்னாத்தான் போகும்.

— அதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படி.

— 'ஆதாரங்கள். கீழ்க்கண்ட ஆய்வுக் கட்டுரைகள் எங்கள் பள்ளி நூலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் படிக்கப்பட்டவை.'

— எந்த நூலகம்?

— நம்ம நூலகம்தான் சார். மாடியில.

— மாடியில நூலகம் இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?

— யாரும் சொல்ல வேணாம் சார். தெரியுதே.

— தெரியிறது கட்டடம். உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. வருஷச் சந்தா கட்டின தரவுத்தளம் இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை, கலைக்களஞ்சியம், பழைய பத்திரிகை, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி தீர்த்தம்கூட தெளிச்சாச்சு. ஆனா நூலகம் இல்லை! திறப்பு விழா நடந்தாத்தான் அது நூலகம். அதுவரைக்கும் அது ரிப்பன் கட்டின ரூம். புரியுதா?

— தீர்த்தம் கீபோர்டுக்குள்ள இறங்கி ரெண்டு கட்டை அமுங்க மாட்டேங்குதுங்க சார். சொல்லணும்னு இருந்தேன்.

— மேடம், இப்ப அதுவா முக்கியம்? நீ சொல்லும்மா. தாலி கட்டுறதுக்கு முன்னாடி பந்தியில உக்காருவியா?

— மாப்பிள்ளை ஆறு மாசமா வரலைன்னா சோறு ஊசிப் போயிடும் சார். சந்தா மார்ச்சோட முடியுது. அதுக்கப்புறம் ரிப்பனை வெட்டி உள்ள போனா வெறும் பிளாஸ்டிக் உறையைத்தான் பார்க்கலாம்.

— பாத்தீங்களா மேடம் வாயை? நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?

— இருமல் சார்.

— எப்படி உள்ள போனே நீ? கதவுக்குக் குறுக்க ரிப்பன் இருக்கு.

— குனிஞ்சு போனேன்.

— வெட்கமா இல்லை? அமைச்சர் கைபட வேண்டிய ரிப்பன்!

— என் தலை படலை சார். பாத்துத்தான் குனிஞ்சேன்.

— உன்னோட வேற யார் யார் போனது?

— என்னைப் பத்தி மட்டும் கேளுங்க சார். மத்தவங்க பேரு என் வாயிலேருந்து வராது.

— மேடம், நீங்க சொல்லுங்க.

— பிளஸ் டூ மொத்தமும் குனியும் சார். ஜாஹித் மட்டும் குனிய மாட்டான். அவன் உயரத்துக்கு ரிப்பனைத் தாண்டிடுவான்.

— தாண்டுவானா! நீங்க வேடிக்கை பாத்தீங்களா?

— நானே குனிஞ்சுதானே சார் தினம் உள்ள போறேன். பெருக்க வேணாமா?

— கடவுளே. வெளியே கல்வெட்டு வெச்சிருக்கேன், தெரியும்ல? கருங்கல். அமைச்சர் பேரு, அதுக்குக் கீழ என் பேரு, எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். எல்லாம் போட்டு. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. அந்த இடத்துல எந்தத் தேதி விழுதோ, அன்னைக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல அறிவு பிறக்கும்.

— அப்போ இவ்வளவு நாளா நாங்க அங்க படிச்சதுக்கு என்ன பேரு சார்?

— அத்துமீறல்! உன் கட்டுரை தேறிச்சுன்னா விழா அன்னைக்கு மேடையில வைப்பாங்க. அமைச்சர் புரட்டுவாரு. 'நான் இன்னும் திறக்கவே இல்லை, ஒருத்தி அதுக்குள்ள படிச்சே முடிச்சுட்டாளாமே'ன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்குவேன்? எச்சில் இலையில விருந்தாளியை உக்கார வெச்ச மாதிரி ஆகாது?

— படிச்சா எச்சில் ஆகாது சார். எத்தனை பேர் படிச்சாலும் அது அப்படியேதான் இருக்கும்.

— எனக்கே பாடமா? சரி. பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொல்றேன், கேளு. கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிடு. 'அனுமதியின்றிக் குனிந்தேன், மன்னிக்கவும்'னு ஒரு கடிதம் கொடு. நான் ஓடிபி சொல்றேன்.

— ஆதாரம் இல்லாத கட்டுரையை எடுத்துக்க மாட்டாங்க சார்.

— கூகுள்ல பாத்தேன்னு போடு.

— கூகுள்ல தேடினா முதல் பத்தியை மட்டும் காட்டிட்டு மிச்சத்துக்குக் காசு கேக்குது. நம்ம டேட்டாபேஸ்லதான் முழுசா படிக்க முடிஞ்சுது. அதனால அதைத்தான் போட்டிருக்கேன்.

— அப்போ உங்கப்பாவைப் போடு. 'ஆதாரம்: மீனவர் அமிர்தலிங்கம், என் தந்தை. பாரம்பரிய அறிவு.' நடுவருங்க உருகிப் போயிடுவாங்க! கண்ணுல தண்ணி வெச்சுப்பாங்க.

— எங்கப்பா சொன்னது தப்பு சார்.

— என்னது?

— நம்ம காயல்ல மீன் குறைஞ்சதுக்கு இறால் பண்ணைதான் காரணம்னு அப்பா சொல்லுவாரு. சோறு திங்கும்போதுகூட அவங்களைத் திட்டிக்கிட்டேதான் திம்பாரு. நானும் அதையே எழுதத்தான் ஆரம்பிச்சேன். கட்டுரைகளைப் படிச்சா, கடல்வாய் தூர்ந்துபோய்த் தண்ணி உள்ள வந்து போகாததுதான் பெரிய காரணம்னு அளந்து போட்டிருக்காங்க. நானும் போய்க் கடல்வாய் ஆழத்தை அளந்தேன். அப்படித்தான் வந்துச்சு.

— பெத்த அப்பனையே எதிர்த்துப் பேசினியா?

— எதிர்க்கலை சார். அளந்ததைச் சொன்னேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. அப்புறம் அவரே படகுல ஏத்திட்டுப் போயி, 'எங்க, என் கண்ணு முன்னால அளந்து காட்டு'ன்னாரு.

— காட்டினியா?

— காட்டினேன். 'கழுதை, சரியாத்தான் அளக்குது'ன்னு சொல்லிட்டு பீடி பத்த வெச்சாரு. பெத்தவருக்காகவே மாத்தாத பக்கம் சார் இது. உங்களுக்காக மாத்த மாட்டேன்.

— திமிரு. மேடம், இது பேருதான் திமிரு. இங்க பாரும்மா, போன் என் கையில இருக்கு. ஓடிபி வரும், அப்படியே போகும். நான் வாயைத் திறக்க மாட்டேன். அப்புறம் உன் கட்டுரையை வெச்சு என்ன பண்ணுவே?

— இது மாநில அளவுல தேறினா காலேஜ் செலவு அவங்களோடது. தேறலைன்னா வர்ற ஜூன்லேருந்து அத்தையோட கருவாட்டுக் கடையில உக்காரணும். எனக்கு எல்லாம் தெரியும் சார்.

— தெரிஞ்சுமா இப்படி நிக்கிறே?

— நிக்கிறேன். கருவாடு வித்தாலும் 'இது எங்கேருந்து வந்த கருவாடு'ன்னு கேட்டா உள்ளதைத்தான் சொல்லணும். அடுத்தவங்க உழைச்சதை எடுத்துக்கிட்டு அவங்க பேரைச் சொல்லாம விட்டா அது திருட்டுன்னு நீங்கதானே சார் காலையில எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னீங்க?

— அது கோயில் மாங்காய் திருடினவங்களுக்குச் சொன்னது!

— கட்டுரைக்கும் அதேதான் சார்.

— போதும், போதும். வாக்குவாதம் பண்ண எனக்கு நேரம் இல்லை. நீ அந்த ஓரமா நில்லு. மன்னிப்புக் கடிதம் வர்ற வரைக்கும் நில்லு. மேடம், வரவேற்புரையில அமைச்சரோட சாதனையை நாலு வரி சேர்க்கணும்னு மத்தியானம் கேட்டேனே, என்னாச்சு?

— எடுத்துட்டேங்க சார். பிரிண்ட்டே போட்டுட்டேன்.

— பேஷ். எங்கேருந்து எடுத்தீங்க?

— ரிப்பன் கட்டின ரூம்லேருந்து.

— எந்த ரூம்லேருந்து?

— பழைய பத்திரிகை எல்லாம் அந்த டேட்டாபேஸ்லதானே சார் இருக்கு. அவர் பேரைப் போட்டுத் தேடினேன்.

— அது வேற. அது அலுவலகப் பணி. ஏம்மா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!

— நான் ஒண்ணும் சொல்லலையே சார்.

— உன் முழி சொல்லுது. மேடம், படிங்க.

— 'ரேஷன் கடையைத் திறந்து வைத்தார். பேருந்து நிழற்குடையைத் திறந்து வைத்தார். புதுப்பிக்கப்பட்ட அதே நிழற்குடையை மீண்டும் திறந்து வைத்தார்.'

— ஓயாத உழைப்பு! குறிச்சுக்குங்க. அப்புறம்?

— 'கடந்த ஜூன் மாதம் காணொலி வாயிலாக ஒரே பொத்தானை அழுத்தி மாவட்டத்தில் இருபத்தேழு கட்டடங்களைத் திறந்து வைத்தார்.'

— ஒரே அழுத்துல இருபத்தேழா! அதுதான் வேகம். அதுதான் நிர்வாகம். உரையில அதை முதல் வரிக்கே கொண்டு வாங்க.

— கொண்டு வரலாம் சார். அதுல பதினெட்டாவது நம்ம நூலகம்.

— என்ன சொன்னீங்க?

— வரிசையா போட்டிருக்காங்க சார். பதினேழாவது கால்நடை மருந்தகம், பத்தொன்பதாவது பொதுக் கழிப்பறை. நடுவுல, 'முத்துப்பேட்டை அருகே மேல்நிலைப் பள்ளியில் இணைய நூலகம்.' அடைப்புக்குறியில நம்ம பள்ளிப் பேரு, ஊரு பேரு எல்லாம் இருக்கு.

— அப்போ அந்த பி.ஏ....

— அதான் சார், திறந்து முடிச்ச நூலகத்துக்குத் தேதி கேட்டா அவர் 'எந்த நூலகம்?'னுதானே கேப்பாரு.

— அப்போ ரிப்பன்?

— அது நாமளா கட்டினது. ஏற்கெனவே திறந்த கதவுக்கு.

— பத்திரிகைக்காரன் ஏதோ தப்பா போட்டிருப்பான்.

— சார், அஞ்சு மணி ஆகப் போவுது. நூலகம் ஜூன்லயே திறந்தாச்சுன்னா நான் ஆகஸ்ட்ல படிச்சது அத்துமீறல் இல்லை. கடைசிப் பக்கம் அப்படியே இருக்கு. மிஸ் போன்ல நான் அனுப்புற பட்டனை அமுக்கிட்டேன், உங்க போன்ல ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க.

— இரும்மா, அவசரப்படுத்தாதே! இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு குண்டூசி நகர்ந்தாலும் எனக்குத் தெரியாம நகராது. எனக்குத் தெரியாம என் நூலகத்தை ஒருத்தர் எப்படித் திறப்பாரு? எவன் என்ன எழுதினாலும் சரி, என் கண்ணால பார்க்காத திறப்பு விழாவை நான் ஒத்துக்க மாட்டேன். புரியுதா?

— பாத்திருக்கீங்க சார். கலெக்டர் ஆபீஸ்ல திரை போட்டுக் காட்டினப்ப எடுத்த படம் நான் பிரிண்ட் போட்ட இந்தச் செய்தியோட இருக்கு. முன் வரிசையில உக்காந்து கை தட்டுறது நீங்கதான்.